சரோத்தாவுக்குப் பக்கத்துப் பெயர்

1

ஒரு கையெழுத்திலிருந்து தப்பிக்க இந்தக் கதையை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மேசையில் ஒரு பட்டியல் கிடக்கிறது. "இதில் உள்ள அனைவரும் இறந்தவர்கள் என உறுதி கூறுகிறேன்" என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் காலம் கடத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பது.

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"லுபும்பாஷியில் மழை நின்ற ஒரு காலையில், ஜெபாலயத்தின் கனத்த கதவைத் தள்ளித் திறந்துகொண்டு..."

அந்தக் கதவு கனமே இல்லை. கரையான் பாதியைத் தின்றுவிட்டது. கதவு கனத்தால் கதையும் கனக்கும் என்று நினைக்கிற எழுத்தாளர்களில் நானும் ஒருவன் போலிருக்கிறது.

"ரோட்ஸ் தீவிலிருந்து கப்பலேறி காங்கோவின் இந்தச் செம்புச் சுரங்க ஊருக்கு வந்து சேர்ந்த எங்கள் யூத சனங்கள்..."

இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றிப்பார்க்க வரும்போது எங்கள் தலைவர் நிசிம் தாரிகா ஆற்றும் உரை. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

"மெர்காதா அத்தை இறந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஜெபாலயத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறாள்."

இதை வைத்துக்கொள்கிறேன். பேய்க்கதை என்று நினைத்தீர்களானால் ஏமாந்துபோவீர்கள். சந்தையில் அவள் மாவு வாங்குவதைப் பார்த்த ஒருவரும் அவளைப் பேய் என்று சொல்லமாட்டார்கள்.

2

நான் சமுயேல். பள்ளி நோட்டும் பேனாவும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். காகிதம் விற்கிறவனுக்குக் காகிதத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்து, ஜெபாலயத்தின் ஆவணங்களை ஒழுங்கு செய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வெளிநாட்டில் ஒரு நிறுவனம் எங்கள் காகிதங்களையெல்லாம் படம் பிடித்துப் பாதுகாக்கிறேன் என்று முன்வந்தது. பாதுகாக்கிறேன் என்று யாராவது வந்தாலே புரிந்துகொள்ள வேண்டியதுதான். இந்த ஊரில் எங்களுக்கு இனிமேல் கல்யாணம் கிடையாது, பிள்ளைப்பேறு கிடையாது. இளசுகள் எல்லாம் பிரஸ்ஸல்ஸிலும் கேப் டவுனிலும். இங்கே நாங்கள் கொஞ்சம் பேர், ஒரு கல்லறை, ஒரு குவிமாடம், அதன் கீழே இரும்பு அலமாரி நிறையக் காகிதம்.

(அந்தக் காகிதத்தில் பாதி சண்டை. யாருக்கு எந்த இருக்கை, கறிக்கடைக்காரர் ஆட்டை முறைப்படி அறுத்தாரா, யார் யாரை முறைத்தார். நாளைக்கு ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் நாங்கள் ஒரு நாளாவது ஜெபம் செய்தோமா என்று சந்தேகப்படுவார்கள்.)

காகிதத்துக்கு முன்னால் கல். ஜெபாலயத்துச் சுவரில் ஒரு பளிங்குக்கல் இருக்கிறது. 1944 ஜூலையில் நாஜிகளால் தீவிலிருந்து வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத எங்கள் குடும்பங்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அதைத்தான் முதலில் பிரதி எடுக்கச் சொன்னார்கள்.

3

ஏணி இல்லாததால் மேசைமேல் நாற்காலியைப் போட்டு ஏறி நின்றேன். எழுத்துகள் மங்கிப்போயிருந்தன. விரலால் தடவி, வாய்விட்டுப் படித்துப் படித்து எழுதினேன். கீழே மெர்காதா அத்தை கண்ணாடி விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சரோத்தா பிஹா," என்று படித்தேன். "மகள் ———."

(அந்தக் கோடு அச்சுப்பிழை இல்லை. கடைசிவரை அப்படித்தான் இருக்கும்.)

கீழேயிருந்து குரல் வந்தது.

"அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது."

"யாருக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு. தட்டுல வெச்சா மேசைக்கடியில பூனைக்குத் தள்ளி விட்டுடுவா."

"அவளை உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும். இப்ப அவ்வளவா பழக்கமில்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விளக்கு நிரம்பி எண்ணெய் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய்க்குக் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கிறவள் அவள்.

"கீழ இறங்குடா சாமு. விழுந்து தொலைச்சேன்னா ஜெபத்துக்கு ஒரு ஆம்பளை குறைஞ்சிடும்."

(பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் எங்களுக்குக் கூட்டு ஜெபம். ஒன்பது பேர் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் இப்போதெல்லாம் எங்கள் முக்கியமான வழிபாடு.)

இறங்கினேன். கடைசி பெஞ்சில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

4

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். இதில் என் கைவரிசையைக் காட்ட மாட்டேன்.

"எனக்கு ஏழு வயசு. தொண்டை அடைச்சுப்போச்சு. மூச்சு வரல. வைத்தியர் வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. எங்கம்மா என்னைத் தூக்கி ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு ஸிம்பூல் கையில குடுத்தா. வாசல் வழியா குடுக்கக் கூடாது. சாவுத் தூதன் வாசல்லதான நிக்கிறான். ஸிம்பூல் ஒரு காசு குடுத்தா, அம்மா வாங்கிக்கிட்டா. அவ்வளவுதான், வித்தாச்சு. அன்னியிலேர்ந்து நான் ஸிம்பூல் பொண்ணு. பேரு மெர்காதா. தூதன் உள்ள வந்து பழைய பேரைக் கேட்டா, அப்படி யாரும் இந்த வீட்டுல இல்லன்னு சொல்லிடலாம்."

"பொழைச்சிட்டீங்க."

"பின்ன, உன் பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு, உன் மாமியாரா?"

(மெர்காதா என்றால் விலைக்கு வாங்கப்பட்டவள். சாகக் கிடந்து பிழைத்த பெண்கள் பலருக்கு எங்களில் அதுதான் பெயர். ஆண் என்றால் மெர்காதோ. வைத்தியருக்குக் கொடுத்ததைவிட இது மலிவு.)

"அப்புறம் யாருமே பழைய பேரைச் சொல்லலையா அத்தை?"

"சொன்னா வித்தது செல்லாதுடா. அம்மா ஒரு தடவகூடச் சொல்லல. இருந்ததெல்லாம் அவகூடத்தான். அவ கையாலதான் சாப்பிட்டேன், அவ பக்கத்துலதான் படுத்தேன். ஆனா கூப்பிடறப்ப 'ஸிம்பூல் பொண்ணே, சாப்பிட வா'ன்னுதான் கூப்பிடுவா. முதல்ல எனக்கு விளையாட்டா இருந்துச்சு. பழைய பேரு காதுல விழுந்தா திரும்பக் கூடாதுன்னு அம்மா பழக்கினா. திரும்பினா அடி."

மூன்று வருடம் போயிற்று. தீவை ஆண்ட இத்தாலியர்கள் எங்கள் சனங்களுக்கு எதிராகச் சட்டங்கள் போட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஸிம்பூலின் புருஷன் இங்கே காங்கோவில் துணிக்கடை வைத்திருந்தார். மனைவியை வரச்சொல்லிக் கப்பல் சீட்டு அனுப்பினார்.

"ஸிம்பூலோட காகிதத்துல நான் அவ பொண்ணுன்னு இருந்துச்சு. அம்மா அவகிட்ட சொன்னா, 'நீ காசு குடுத்து வாங்கினவ. உன் பொருளை நீதான் எடுத்துட்டுப் போகணும்'னு. அன்னிக்கும் அவ ஜன்னல்லதான் நின்னா. வாசலுக்கு வரல."

போருக்குப் பிறகு இந்தக் கல்லை வைத்தார்கள். வேறு ஊரிலிருந்த உறவுக்காரர்களிடமெல்லாம் பெயர் கேட்டு எழுதினார்கள். சரோத்தாவின் குடும்பத்தைச் சொன்னவர் ஒரு சித்தப்பா. அத்தைக்கு நோய் வருவதற்கு முன்பே தீவை விட்டுப் போனவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சரோத்தா, அவளுக்கு ஒரு மகள், மகளின் பழைய பெயர். சொன்னார். செதுக்கினார்கள்.

"திரை விலக்குன அன்னிக்கு நான் இங்கதான் நின்னேன். படிச்சேன். அம்மா பேரு. பக்கத்துல என் பேரு. ஸிம்பூல் என் கையை நசுக்கிப் பிடிச்சா, வாயைத் தொறக்காதேன்னு. அவ பிடிக்காமலிருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்."

5

இங்கே எழுத்தாளனுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். இவளை நம்பலாமா?

மெர்காதா அத்தை தன் வயதைப் பற்றிப் பொய் சொல்வாள். வளைய பிஸ்கட்டில் எவ்வளவு ஆரஞ்சுச் சாறு போடுகிறாள் என்று கேட்டால் ஆளுக்கொரு அளவு சொல்வாள். ஒரு கதாபாத்திரமாக மட்டும் இருந்தால் நான் அவளைத் திருத்தியிருப்பேன். இவ்வளவு கச்சிதமான சோகம் கதையில் வந்தால் வாசகர் நம்பமாட்டார் என்று ஒரு மூலையைச் சிதைத்திருப்பேன். ஆனால் அவள் ஆளாகவும் இருக்கிறாள். ஆவணக் காப்பகம் என்றால் ஆதாரம் வேண்டும்.

ஆகவே சோதித்தேன். ஒரு நாள் ஜெபாலயத்துச் சமையலறையில் பழுப்பு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னேன்.

அவள் திரும்பவில்லை.

திரும்பாமலிருக்கப் பழக்கப்பட்டவள் திரும்பவில்லை. இது என்ன ஆதாரம்? இதை ஆவண அட்டையில் எப்படிப் பதிவது? கையிலிருந்த முட்டையை உரிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

"சாமு," என்றாள், முதுகைக் காட்டியபடியே. "இன்னொரு தரம் அப்படிப் பண்ணாத."

ஆதாரம் வேண்டும் என்று போய் ஒரு கிழவியை அடிக்கக் கை ஓங்கியவன் மாதிரி நின்றேன்.

6

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். துறைமுகம், படகு, ரயில் எல்லாம் எழுதியிருந்தேன். சரோத்தா ரயில் ஜன்னலில் நின்று கடைசியாகத் தெற்கே பார்ப்பதாக ஒரு வரி வந்தது. நல்ல வரி என்று எனக்கே ஒரு பெருமை. மெர்காதா அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அந்த வண்டியில ஏதுடா ஜன்னல்?" என்றாள்.)

7

நிசிம் லாரி உதிரிபாகம் விற்கிறார். அவருடைய கடைக்குப் போனேன்.

"தலைவரே, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்தக் கல்லுல இருக்கற ஒருத்தர் உண்மையில உயிரோட இருந்தா என்ன பண்றது?"

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"எங்க தாத்தா, பாட்டி, நாலு அத்தைங்க அந்தக் கல்லுல இருக்காங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"இதெல்லாம் நடக்கவே இல்ல, கட்டுக்கதைன்னு சொல்றவன் உலகம் பூரா இருக்கான். பட்டியல் வெளிய போனதும் பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு உக்காருவான். ஒரே ஒரு பேரு தப்புன்னு தெரிஞ்சா போதும். 'பாத்தியா, செத்ததா சொன்ன ஆளு லுபும்பாஷியில உக்காந்து காபி குடிக்குது'ம்பான். அந்த ஒரு பேரை வெச்சு எங்க தாத்தாவையும் பாட்டியையும் சாகலன்னு ஆக்கிடுவான். அவங்களைக் கொன்னதுமில்லாம, சாவையும் புடுங்கிப்பான்."

"அப்ப அந்தப் பேரை எடுத்துடணுமா?"

"உயிரோட இருந்தா எடுத்துத்தான் ஆகணும். யாருடா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது? போ, போயி பட்டியலை முடி. கையெழுத்துப் போட்டுக் குடு. நானும் போடறேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. இந்தக் கதையில் வில்லன் வேண்டுமென்று தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், நிசிம் இல்லை. அவர் சொல்வது சரி.

8

எனவே அத்தையிடம் போய்ச் சொன்னேன். பெயரை எடுக்க வேண்டியிருக்கும் என்றேன். அவள் முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பேரைத் தூதன் படிச்சு முடிச்சு கணக்குல எழுதிட்டான் சாமு. நீ போய் அழிச்சேன்னா ஒண்ணு குறையுதேன்னு தேடிக்கிட்டு வருவான்."

"உங்களுக்கு எண்பது தாண்டியாச்சு அத்தை. எப்படியும் வரத்தான் போறான்."

"வரட்டும். மெர்காதாவைத் தேடிக்கிட்டு வரட்டும். அந்தச் சின்னப் பொண்ணு பக்கம் அவன் திரும்பவே கூடாது."

"நிறுவனத்துக்கு உண்மைதான் வேணும் அத்தை."

"நீ கொஞ்ச நாள் பொறு. நானே சரி பண்ணிடறேன்." சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"கல்லுல எங்கம்மா பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"நீங்க."

"நானில்ல. அவ பொண்ணு. மூணு வருஷம் அந்தப் பேரை வாய்க்குள்ளயே வெச்சு முழுங்கினா. நான் கப்பலேறினப்புறமும் சொல்லியிருக்க மாட்டா. எனக்கு ஆகாதே. அந்த வண்டியிலயும் சொல்லியிருக்க மாட்டா. எல்லாரும் அவங்கவங்க பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க, இவ மட்டும் வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பா. எனக்காக. கடைசிவரைக்கும்."

முந்தானையில் கண்ணைத் துடைத்தாள் என்று எழுதக் கை போகிறது. அவள் அணிந்திருந்தது கம்பளிச் சட்டை. துடைக்கவும் இல்லை.

"அந்தக் கல்லு ஒண்ணுதான் அவளையும் அவ பொண்ணையும் சேத்து வெச்சிருக்கு. வருஷா வருஷம் ரெண்டு பேரையும் சேத்து வாய்விட்டுச் சொல்றீங்க. அவளால சொல்ல முடியாததை நீங்க சொல்றீங்க. நீ அதை எடுத்துட்டா அவ தனியா நிப்பாடா. மறுபடியும்."

9

ஜூலையில் நினைவுநாள் வந்தது. குளிர்காற்றும் செம்மண் தூசியும். எங்களில் ஏழு ஆண்கள்தான் தேறினோம். சுரங்கத்து வேலைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்திருந்த மூன்று யூதப் பொறியாளர்களை ஓட்டலிலிருந்து கெஞ்சிக் கூட்டிவந்து பத்து ஆக்கினார் நிசிம். அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் பெயர்களைப் படிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

படித்துக்கொண்டே வந்தேன். "சரோத்தா பிஹா. மகள்..."

நின்றுவிட்டேன். இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பலவிதமாக எழுதிப்பார்த்து அடித்தேன். உண்மையில் ஒன்றும் நினைக்கவில்லை. கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போயிற்று. மாடியில் பெண்களுக்கான பகுதியைப் பூட்டி வருடக்கணக்காகிறது. அவள் ஒருத்திக்காக அதைத் திறப்பதில்லை.

"என்னடா, கண்ணு தெரியலையா? படி," என்றார் நிசிம், கரகரத்த குரலில்.

"படி சாமு," என்றாள் அவள்.

படித்தேன். அந்தப் பெயரை முழுதாக, சத்தமாகப் படித்தேன். பட்டியல் முடிந்து ஜெபம் சொன்னோம். எல்லாருடைய ஆமெனும் அடங்கிய பிறகு பின்னாலிருந்து அவளுடைய ஆமென் தனியாக வந்தது.

தன் சாவுக்குத் தானே ஆமென் சொல்கிறவளை நான் வருடா வருடம் பார்த்துவந்திருக்கிறேன், தெரியாமல். இந்த வருடம் தெரிந்து பார்த்தேன். தாங்க முடியவில்லை. வெளியே போய் மாமரத்தடியில் நின்று அழுதேன்.

10

முடிவுகள்.

பெயரை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். பட்டியல் சுத்தமாகிவிடும், நிசிமின் தாத்தாவும் பாட்டியும் பத்திரம். அடுத்த ஜூலையில் "சரோத்தா பிஹா" என்று படித்துவிட்டு நேரே அடுத்த குடும்பத்துக்குப் போக வேண்டும். கடைசி பெஞ்சைப் பார்க்காமல் படிக்கிற வித்தை எனக்குத் தெரியாது.

அல்லது, பெயரை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். இறந்தவர்களின் பட்டியலில் ஒரு பொய், என் பெயரில், என்றென்றைக்கும். இரண்டு நாள் இதுதான் சரி என்று இருந்தேன். பிறகு நிசிமின் நாலு அத்தைகள் நினைவுக்கு வந்தார்கள்.

அல்லது, அவளே சொன்னபடி பொறுத்திருப்பது. அவள் போனபின் பெயர் உண்மையாகிவிடும். தேதி மட்டும்தான் தப்பு. இந்த முடிவைக் கோழைத்தனமாக நான் தேர்ந்தெடுத்து, பட்டியலை மேசையில் போட்டு, மேலே ஒரு நோட்டுக்கட்டையும் வைத்தேன்.

அப்போதுதான் அவள் படுத்தாள். மழை தொடங்கிய வாரத்தில். மூச்சுத்திணறல். வைத்தியர் வந்து பார்த்தார். இந்தக் காலத்து வைத்தியர்கள் தொப்பி போடுவதில்லை. கைப்பையை மூடிக்கொண்டு போனார்.

நேற்று போயிருந்தேன். அவளால் சரியாகப் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக மூச்சு வாங்கிச் சொன்னாள்.

"அப்ப... பக்கத்து வீட்டுல... ஸிம்பூல் இருந்தா. இப்ப யாருடா... என்னை வாங்குவா?"

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்கடுத்த வீடு தொலைபேசிக் கம்பெனியின் அலுவலகம். எங்களில் மிச்சமிருக்கிறவர்கள் எல்லாரும் அவளுக்குச் சமமாகக் கிழங்கள். தூதன் எங்கள் எல்லாருடைய முகவரியையும் தெரிந்து வைத்திருக்கிறான்.

அதனால் வீட்டுக்கு வந்து, விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்த இந்தக் கதையை உட்கார்ந்து எழுதி முடித்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். அவள் பெயர் மெர்காதா இல்லை. சரோத்தா இல்லை, ஸிம்பூல் இல்லை, பிஹா குடும்பம் இல்லை, நான் சமுயேலும் இல்லை. ஊரை மாற்றினேனா இல்லையா என்பதைச் சொல்ல மாட்டேன். கதை என்று சொல்லி எல்லாப் பெயரையும் கலைத்துப் போட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், உங்களுக்குத் தெரியும்.

பட்டியலில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நிசிம் இரண்டு தடவை ஆளனுப்பிவிட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு.

இந்தப் பக்கம்தான் ஜன்னல். திறந்து வைத்திருக்கிறேன். அவள் எடை அதிகமில்லை, இந்த வாரத்தில் இன்னும் குறைந்திருக்கிறாள். கையை நீட்டுங்கள். ஒரு காசு போதும். அதையும் என்னிடம் தர வேண்டாம், வழியில் யாருக்காவது கொடுங்கள். அவளுக்கு ஒரு புதுப் பெயர் வையுங்கள், உங்கள் வீட்டில் வைக்கிற பெயராக. என்னிடம் சொல்லாதீர்கள், எங்கேயும் எழுதியும் வைக்காதீர்கள். கத்தரிக்காய் மட்டும் போடாதீர்கள், சாப்பிடமாட்டாள்.

யாராவது வாசலில் வந்து நின்று கேட்டால், அப்படி ஒருத்தரும் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.